ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் லேப்டாப்பிலும் சிதறிக் கிடக்கும் பழைய மெயில்கள்: ஒன்று சேர்க்க எது சரியான வழி?

செல்வி_கரூர்

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்களுக்குக் கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி. மேஜை விரிப்பு, கிச்சன் டவல், ஏப்ரன் இந்த வகை. கம்பெனி பெயரில் சொந்த டொமைன் இருக்கிறது, அதில் ஒரே ஒரு மெயில் முகவரி. அந்த முகவரியை 2011-லிருந்து இரண்டு இடத்தில் திறக்கிறோம். ஆபீஸ் டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 7, அவுட்லுக் 2007. சித்தப்பாவின் லேப்டாப்பில் தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் மென்பொருள். இரண்டிலுமே பாப் முறைதான், அதாவது மெயில் சர்வரிலிருந்து அந்தந்தக் கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிடும். சர்வரில் எங்களுக்கு இருப்பது 1 ஜிபி இடம், அதனால் கொஞ்ச நாளில் பழைய மெயில் அங்கிருந்து அழிந்துவிடும். அதாவது பழையது எல்லாமே இந்த இரண்டு பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது, வேறு எங்கும் இல்லை.

இப்போது டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, 1 டெராபைட் வெளி டிஸ்க்கும் வாங்கியாயிற்று. அவுட்லுக் மெயிலை எல்லாம் வைத்திருக்கும் பிஎஸ்டி கோப்பு 11 ஜிபி, லேப்டாப்பில் 7 ஜிபி. இரண்டையும் புதுக் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் கொண்டுவர வேண்டும், ஆனால் ஒவ்வொரு மெயிலும் இரண்டு இரண்டாக வரக்கூடாது. கடைக்காரர் "எல்லாத்தையும் உள்ளே தள்ளிட்டு அப்புறம் டூப்ளிகேட்டை அழிச்சுடலாம்" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆர்டர், ஷேட் அப்ரூவல் (துணி நிறத்துக்குப் பையர் தரும் சம்மதம்), விலை பேசியது எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

நெல்லை_முத்து

பயப்படுவது சரிதான் செல்வி. சேர்ப்பதைப் பிறகு பார்க்கலாம், இன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள். சத்தம் போடும் டிஸ்க் எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அவுட்லுக்கை மூடுங்கள். மூடினால் மட்டும் போதாது, டாஸ்க் மேனேஜரில் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருந்தால் பிஎஸ்டி பூட்டியே இருக்கும், நகலெடுக்க விடாது. 2007-ல் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம், அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய் டேட்டா ஃபைல்ஸ் தாவலைப் பார்த்தால் முழுப் பாதையும் தெரியும். ஒன்றுக்கு மேற்பட்ட பிஎஸ்டி இருக்கலாம். "ஆர்க்கைவ்" என்ற பெயரில் தனியாக ஒன்று பல பேரிடம் இருக்கும், அவுட்லுக்கே பழைய மெயிலை அதில் தள்ளியிருக்கும். அதையும் எடுங்கள்.

லேப்டாப்பில் தண்டர்பேர்டைத் திறந்து உதவி மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போனால், ப்ரொஃபைல் ஃபோல்டரை (மெயில், செட்டிங் எல்லாம் இருக்கும் இடம்) திறக்க ஒரு பொத்தான் இருக்கும். ஃபோல்டர் திறந்ததும் தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த ப்ரொஃபைலை முழுசாக அள்ளிக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட் மெனு இருக்கிறதே என்று அதில் போகாதீர்கள், அது ஜிப்பாகக் கட்டித் தரும், 2 ஜிபிக்கு மேல் போனால் ஆகாது. உங்களுடையது 7 ஜிபி.

அப்புறம் வெளி டிஸ்க் எந்த ஃபார்மட் என்று பாருங்கள். ஃபேட்32 ஆக இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, 11 ஜிபி பிஎஸ்டி அதில் போகவே போகாது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் என்றால் பிரச்சினை இல்லை.

இதை முடித்துவிட்டு வாருங்கள். அதுவரை இரண்டு மெஷினிலும் எதையும் அழிக்காதீர்கள், காம்பாக்ட் (அழித்த மெயிலை அடியோடு நீக்கிக் கோப்பைச் சுருக்குவது) செய்யாதீர்கள், ரிப்பேர் என்று எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள்.

மதன்_தாம்பரம்

முத்து அண்ணன் சொன்ன நகல் விஷயத்தில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிஎஸ்டி, தண்டர்பேர்டின் எம்பாக்ஸ் என்று கோப்புகளை இந்தக் காலத்திலும் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? நல்ல ஹோஸ்டிங்காகப் பார்த்து ஐமேப் அக்கவுண்ட் எடுங்கள். இரண்டு மெஷினிலிருந்தும் பழைய ஃபோல்டர்களை இழுத்து அதில் போடுங்கள். எல்லாம் சர்வரில் ஒரே இடத்தில் வந்துவிடும், எங்கிருந்து திறந்தாலும் ஒன்றுதான். இந்தப் பிரச்சினையே பாப்பால் வந்ததுதானே.

நெல்லை_முத்து

//இந்தப் பிரச்சினையே பாப்பால் வந்ததுதானே//

உண்மைதான் மதன், இனிமேல் வரும் மெயிலுக்கு நீங்கள் சொல்வதுதான் வழி. ஆனால் பழசை அப்படியே மேலே ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. முதலில் அளவு. 18 ஜிபியை ஏற்ற வேண்டும், ஜிமெயில் இலவசக் கணக்கில் மொத்தமே 15 ஜிபி. காசு கொடுத்து இடம் வாங்கினாலும் ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 500 எம்பிதான் ஏற்றலாம் என்று கூகுள் கட்டுப்பாடு வைத்திருக்கிறது, 18 ஜிபி ஏற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நடுவில் லைன் அறுந்தால் எது ஏறியது எது ஏறவில்லை என்று பார்த்து மறுபடி இழுத்தால் அங்கேயே புதிதாக இரட்டைகள் உண்டாகும்.

அளவைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஐமேப் என்பது பேக்கப் கிடையாது. லேப்டாப்பில் ஒருவர் ஒரு ஃபோல்டரைத் தெரியாமல் அழித்தால் சர்வரிலும் போய்விடும், சர்வரில் போனது டெஸ்க்டாப்பிலும் போய்விடும். பழைய மெயில் யார் கையும் தொடாத இடத்தில் கோப்பாக இருக்க வேண்டும்.

செல்வி, நீங்கள் வேலையை ஆரம்பிக்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பாப் முறையில் வந்த மெயில் இரண்டு மெஷினிலும் இறங்கும், ஆனால் அனுப்பிய மெயில் எந்த மெஷினிலிருந்து போனதோ அதில் மட்டும்தான் இருக்கும். ஆகவே இன்பாக்ஸ் இரண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும், சென்ட் ஃபோல்டர் இரண்டும் கிட்டத்தட்ட முழுக்க வேறுவேறாக இருக்கும். இரட்டையை அழிக்கும் வேலை இன்பாக்ஸுக்குத்தான். சென்ட்டைத் தொடவே வேண்டாம், அப்படியே சேர்த்தால் போதும். கடைக்காரர் சொல்வதுபோல எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கி அழிக்க ஆரம்பித்தால் எங்கே என்ன போனது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

செல்வி_கரூர்

ரொம்ப நன்றி அண்ணா. லேப்டாப் நகல் முடிந்தது. டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருக்கிறது.

சென்ட் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஜெர்மனி பையர்கள் வேலை முடிக்கும்போது நமக்கு ராத்திரி, சித்தப்பா வீட்டிலிருந்துதான் பதில் போடுவார். அதனால் விலை பேசிய மெயில் பாதிக்கு மேல் லேப்டாப்பில்தான் இருக்கிறது. அவர் என்ன எழுதினார் என்று ஆபீஸில் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எங்கள் முகவரிக்கே சிசி போட்டு அனுப்புவார், நாங்களும் அப்படித்தான். அந்த சிசி மெயில்கள் இன்பாக்ஸில் வந்து கிடக்கின்றன. இதனால் ஏதாவது சிக்கல் வருமா?

இன்னொன்று. இன்பாக்ஸ் "பெரும்பாலும்" ஒரே மாதிரி என்றீர்கள். ஜனவரியில் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு சித்தப்பா ஃபிராங்ஃபர்ட் போகும்போது லேப்டாப் அவரோடு போகும், அந்த நாட்களில் பொங்கல் விடுமுறையும் சேர்ந்து வந்தால் ஆபீஸ் மெஷின் திறக்கவே மாட்டோம். அப்போது வந்தவை?

நெல்லை_முத்து

இரண்டுமே முக்கியமான கேள்வி.

ஜனவரி விஷயம் முதலில். சர்வரில் எத்தனை நாள் விட்டுவைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு மெஷினும் தனித்தனியாக முடிவு செய்யும். தண்டர்பேர்டில் வழக்கமாக 14 நாள் என்று இருக்கும். லேப்டாப் 14 நாள் கழித்து அழித்துவிட்டது, ஆபீஸ் மெஷின் அதற்குள் திறக்கப்படவில்லை என்றால், அந்த மெயில் லேப்டாப்பில் மட்டும்தான். மறுபக்கமும் இப்படியே, லேப்டாப் சர்வீஸுக்குப் போயிருந்த காலத்தில் வந்தது ஆபீஸில் மட்டும் இருக்கும். அதனால் "லேப்டாப் இன்பாக்ஸ் போதும், டெஸ்க்டாப் இன்பாக்ஸை விட்டுவிடலாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சிசி விஷயம். ஒவ்வொரு மெயிலுக்கும் தலைப்பகுதியில் மெசேஜ்-ஐடி என்று ஒரு அடையாளம் உண்டு, இரட்டையைக் கண்டுபிடிக்கும் கருவிகள் முதலில் பார்ப்பது அதைத்தான். சித்தப்பா அனுப்பிய மெயிலின் சென்ட் பிரதிக்கும், அதுவே சிசியாக இன்பாக்ஸுக்கு வந்த பிரதிக்கும் ஐடி ஒன்றுதான். எல்லா ஃபோல்டரையும் சேர்த்துத் தேடச் சொன்னால் கருவி இரண்டில் ஒன்றை அழித்துவிடும். சென்ட்டில் இருப்பது போய்விட்டால் "நாம் அனுப்பியவை" என்ற வரிசையில் ஓட்டை விழும். ஆகவே ஒரே ஃபோல்டருக்குள் மட்டும் ஒப்பிடச் சொல்லுங்கள், ஃபோல்டர் தாண்டி வேண்டாம்.

செல்வி_கரூர்

பிஎஸ்டி நகல் பாதியில் நின்றுவிட்டது. 6 ஜிபி வரை போகிறது, அப்புறம் அசையவே இல்லை. கடைசியில் படிக்க முடியவில்லை என்று பிழை வருகிறது. சித்தப்பா ஊரில் இல்லை, கை கால் ஓடவில்லை. யாராவது உடனே சொல்லுங்கள்.

மதன்_தாம்பரம்

முதலில் மெஷினை அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப காப்பி போட்டால் அந்த டிஸ்க் இன்னும் கெடும். டிஸ்க்கில் சில செக்டார்கள், அதாவது தகவல் இருக்கும் சிறு கட்டங்கள், கெட்டுப் போயிருக்கின்றன. விண்டோஸ் காப்பி ஒரு செக்டார் படிக்கவில்லை என்றால் மொத்தக் கோப்பையும் கைவிட்டுவிடும்.

டிஸ்க்கைக் கழற்றி நல்ல கம்ப்யூட்டரில் மாட்டி, லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு டிஸ்க்கையும் ஒரு இமேஜ் கோப்பாக எடுக்க வேண்டும். அது படிக்க முடிந்ததை எல்லாம் முதலில் வேகமாக எடுத்துவிட்டு, முடியாத இடங்களுக்குப் பிறகு திரும்பி வந்து முயலும். எங்கே விட்டது என்று ஒரு மேப் கோப்பில் குறித்துவைக்கும், அதனால் நடுவில் நிறுத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூலமும் இலக்கும் மாறிப்போனால் எல்லாமே போய்விடும், அதனால் பழக்கம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து செய்யட்டும். கரூரிலேயே லினக்ஸ் தெரிந்த ஆள் கிடைப்பார், இன்ஜினியரிங் காலேஜ் பக்கம் விசாரியுங்கள்.

இமேஜிலிருந்து பிஎஸ்டியை வெளியே எடுத்தபின், அவுட்லுக்கோடு வரும் பிஎஸ்டி ரிப்பேர் கருவியான ஸ்கேன்பிஎஸ்டியை ஓட்டலாம். ஆபீஸ் 2007 என்றால் ஆபீஸ்12 ஃபோல்டருக்குள் இருக்கும். அதை எடுத்த நகலின் மேல் மட்டும் ஓட்டுங்கள், முதல் பிரதி அப்படியே இருக்கட்டும். ஒரு முறை ஓட்டினால் போதாது, பிழை இல்லை என்று சொல்லும் வரை திரும்ப ஓட்ட வேண்டும்.

ரொறன்ரோ_வதனி

தங்கச்சி, டிஸ்க் நல்லபடியாக மீள வேண்டும்.

இதே இழையில் என்னுடைய கேள்வியையும் கேட்கலாமா? அப்பாவின் மின்னஞ்சல்கள் 2001-இலிருந்து இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் இருந்த உறவுகள், லண்டனில் இருந்த நண்பர்கள், எல்லோரும் பாமினி எழுத்துருவில் எழுதினவை ஒரு பகுதி, தமிழ்நாட்டு நண்பர்கள் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் எழுதினவை இன்னொரு பகுதி. அவரிடமும் இரண்டு கணினிகள் இருந்தன, இப்போது அவர் இல்லை. தம்பி ஒருவர் சேர்த்துத் தருகிறேன் என்று ஒரு மென்பொருளில் போட்டுப் பார்த்தார், தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகளாக வந்தது. மூலம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இதற்கு வழி உண்டா?

நெல்லை_முத்து

வதனி அக்கா, மூலம் இருக்கிறது என்றால் ஒன்றும் போகவில்லை. கேள்விக்குறியாக மாறிய அந்த நகலை மட்டும் ஒதுக்கிவிடுங்கள், அதிலிருந்து எதையும் மீட்க முடியாது, உள்ளே உண்மையாகவே கேள்விக்குறிதான் எழுதப்பட்டிருக்கும்.

திஸ்கி மெயிலில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளுக்கு மேலே உள்ள 128 இடங்களில் உட்கார்ந்திருக்கும். மாற்றும் கருவி இதை மேற்கத்திய எழுத்து என்றோ தெரியாத எழுத்து என்றோ எடுத்துக்கொண்டு இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடாக மாற்றப் பார்க்கும்போதுதான் இந்த விபத்து. ஆகவே சேர்க்கும் கட்டத்தில் எதையும் "மாற்றவே" கூடாது. மெயிலை பைட்டுக்கு பைட் அப்படியே வைத்திருக்கும் வடிவம் எம்பாக்ஸ், இல்லாவிட்டால் ஒவ்வொரு மெயிலையும் தனிக்கோப்பாக வைக்கும் ஈஎம்எல். டெக்ஸ்டாகவோ பிடிஎஃப் ஆகவோ மட்டும் எடுத்துவைத்துவிட்டு மூலத்தை விட்டுவிடாதீர்கள்.

பாமினி வேறு மாதிரி. அதில் உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்துதான், எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. மெய்யெழுத்தின் புள்ளி இருக்கும் இடத்தில் அரைப்புள்ளி நிற்கும், அதை வைத்தே பார்த்தவுடன் பாமினி என்று சொல்லிவிடலாம். இது கேள்விக்குறியாகாது, ஆனால் வேறு ஆபத்து இருக்கிறது. அப்பாவுக்கு வந்த மெயில் எச்டிஎம்எல் வடிவில் இருந்தால், எந்த வரி பாமினி, எந்த வரி நிஜ ஆங்கிலம் என்பது எழுத்துருக் குறிப்பில்தான் இருக்கும். வெறும் டெக்ஸ்டாக மாற்றினால் அந்தக் குறிப்பு போய்விடும், பிறகு ஆங்கில முகவரியும் தமிழ் வாக்கியமும் ஒன்றோடொன்று கலந்து எது எது என்று ஒவ்வொரு வரியாகக் கையால் பிரிக்க வேண்டியதுதான்.

முதலில் அப்படியே சேர்த்து வைத்துவிடுங்கள். படிப்பதற்கு, தேவைப்படும் மெயிலின் வாசகத்தை எடுத்து என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். அதில் திஸ்கி, பாமினி, தாப், தாம் என்ற பழைய குறியீடுகள் எல்லாமே உண்டு.

ரொறன்ரோ_வதனி

மிக்க நன்றி முத்து. பார்த்தேன், நீங்கள் சொன்ன அதே அரைப்புள்ளிகள். அப்பாவின் கடிதங்களில் ஊர்ச் செய்தி, செத்தவீடு, கலியாணம் எல்லாம் இருக்கிறது, 2002 சமாதான காலத்தில் பாதை திறந்தபோது அவர் ஊருக்குப் போனதைப் பற்றி மாமாவுக்கு எழுதினதும் இருக்கிறது. ஒரு வரிகூடப் போகக்கூடாது என்று நினைக்கிறேன்.

செல்வி_கரூர்

நல்ல செய்தி. மதன் அண்ணா சொன்னபடி ஒரு காலேஜ் லேப் இன்சார்ஜ் வந்து உதவி செய்தார். டிஸ்க் இமேஜ் எடுக்க ஒரு முழு ராத்திரியும் மறுநாளும் ஆனது, கடைசியில் படிக்க முடியாமல் போனது மிகச் சிறிய பகுதிதான். பிஎஸ்டி முழு 11 ஜிபியும் வந்துவிட்டது. நகலில் ஸ்கேன்பிஎஸ்டி ஓட்டியாயிற்று, அவுட்லுக்கில் திறக்கிறது. சில மெயில்களில் அட்டாச்மென்ட் மட்டும் இல்லை.

இனி சேர்க்கும் வேலை. புதுக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டா, அவுட்லுக்கா?

நெல்லை_முத்து

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

நான் தண்டர்பேர்ட் என்பேன். விலை இல்லை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. எம்பாக்ஸ் என்பது வெறும் எழுத்துக் கோப்பு, எந்த டெக்ஸ்ட் எடிட்டரிலும் திறந்து பார்க்கலாம். பிஎஸ்டிக்கு அதைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் வேண்டும். அவுட்லுக்கிலேயே இருக்க விரும்பினால் இம்போர்ட் செய்யும்போது "டூ நாட் இம்போர்ட் டூப்ளிகேட்ஸ்" என்று ஒரு தேர்வு வரும், இரண்டு பிஎஸ்டியைச் சேர்க்க அது போதும். ஆனால் உங்களிடம் ஒரு பக்கம் தண்டர்பேர்ட் இருப்பதால் ஏதாவது ஒரு பக்கம் மாற்றித்தான் ஆக வேண்டும்.

பிஎஸ்டியை மாற்ற, அதே லினக்ஸ் பென்டிரைவில் ரீட்பிஎஸ்டி என்ற கருவியை நிறுவுங்கள். அவுட்லுக்கே தேவையில்லை, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு எம்பாக்ஸ் கோப்பு போட்டுக் கொடுக்கும். லேப்டாப் பக்கம் மாற்ற எதுவும் இல்லை. ப்ரொஃபைல் நகலில் மெயில் ஃபோல்டருக்குள் போனால் இன்பாக்ஸ், சென்ட் என்று வால் இல்லாத கோப்புகள் இருக்கும், அவைதான் எம்பாக்ஸ். பக்கத்திலேயே எம்எஸ்எஃப் என்று முடிபவை வெறும் அட்டவணை, அவை வேண்டாம், தண்டர்பேர்ட் தானே புதிதாகப் போட்டுக்கொள்ளும்.

புது மெஷினில் தண்டர்பேர்டை மூடிவிட்டு, இந்தக் கோப்புகளை லோக்கல் ஃபோல்டர்ஸ் உள்ளே போடுங்கள். போடும் முன் பெயரை மாற்றிவிடுங்கள், லேப்டாப் இன்பாக்ஸ், ஆபீஸ் இன்பாக்ஸ் என்று தனித்தனியாகத் தெரிகிற மாதிரி. திறந்தால் அவை ஃபோல்டர்களாக வந்து நிற்கும். முதல் முறை அட்டவணை போட நேரம் எடுக்கும், தொங்கிவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள்.

சென்ட் இரண்டையும் ஒரே ஃபோல்டருக்கு நகர்த்துங்கள், அந்த வேலை முடிந்தது. இன்பாக்ஸ் இரண்டையும் ஒன்றாக்கியபின் இரட்டை அழிக்கும் ஆட்-ஆனை (தண்டர்பேர்டோடு சேர்க்கும் துணை மென்பொருள்) ஓட்டுங்கள். இங்கேதான் ரொம்ப கவனம் வேண்டும். அளவு, உள்ளடக்கம் என்ற அடையாளங்களை எடுத்துவிடுங்கள். அவுட்லுக் மெயிலைப் பிரித்துத் தன் பாணியில் சேமிக்கும், வந்த வடிவத்தை அப்படியே வைத்திருக்காது. ரீட்பிஎஸ்டி அதைத் திரும்பக் கட்டும்போது அதே மெயிலின் அளவு மாறிப் போயிருக்கும். அளவை வைத்து ஒப்பிட்டால் ஒன்றுகூட இரட்டை என்று வராது. மெசேஜ்-ஐடியை மட்டும் வைத்து ஒரு சுற்று, ஐடி இல்லாதவற்றுக்கு அனுப்புநர், தலைப்பு, நேரம் மூன்றையும் வைத்து இன்னொரு சுற்று. நேரத்தை நிமிடக் கணக்கில் ஒப்பிட்டால் போதும்.

இரட்டையில் எதை வைத்துக்கொள்வது என்றால், லேப்டாப் பிரதியை. அதுதான் சர்வரிலிருந்து வந்த அசல் வடிவம். ஆட்-ஆன் அழிப்பதை நேரடியாக அழிக்க விடாமல் தனி ஃபோல்டருக்கு நகர்த்தச் சொல்லுங்கள், புரட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் அழிக்கலாம்.

மதன்_தாம்பரம்

ஒன்று சேர்க்கிறேன். எம்பாக்ஸில் ஒரு மெயில் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதைக் காட்டுவது வரியின் தொடக்கத்தில் வரும் "ஃப்ரம்" என்ற சொல்தான். மெயில் வாசகத்திலேயே ஒரு வரி அப்படித் தொடங்கினால் அதற்கு முன்னால் ஒரு குறி போட்டு மறைக்க வேண்டும், சில கருவிகள் அதைச் செய்வதில்லை. நம் ஊர் வியாபாரக் கடிதத்தில் "ஃப்ரம் அவர் சைடு" என்று ஆரம்பிக்காத ஆளே கிடையாது. அந்த இடத்தில் மெயில் இரண்டாக உடைந்து, தலைப்பும் தேதியும் இல்லாத ஒரு துண்டு தனியாக நிற்கும். தேதி வரிசையில் அடுக்கி, ஒரு கோடியில் இப்படிக் குப்பையாக ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அழிக்காதீர்கள், அது வேறொரு மெயிலின் மீதிப் பாதி.

தணிக்கை_ராமு

நான் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன், கம்ப்யூட்டர் விஷயம் இவ்வளவு தெரியாது. ஆனால் பழைய பிஎஸ்டியைச் சேர்த்து முடித்தபின் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். ஜிஎஸ்டி சட்டம் 36-ஆம் பிரிவுப்படி கணக்குப் பதிவேடுகளை அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், மேல்முறையீடு ஏதாவது நடந்தால் அதற்கும் மேல். பர்ச்சேஸ் ஆர்டர் மெயிலில்தான் வந்தது என்றால் அதைப் பாதுகாப்பது உங்கள் நலனுக்குத்தான்.

பையரோடு தகராறு வந்து மெயிலை நீதிமன்றத்தில் காட்ட வேண்டி வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் கொடுக்க வேண்டும், அந்தப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்) எழுதச் சொல்கிறார்கள். மாற்றிய பிரதியைவிட மாற்றாத பிரதி கையில் இருப்பது பலம்.

நெல்லை_முத்து

ராமு சார் சொன்னதை அப்படியே செய்யுங்கள். டிஸ்க் இமேஜ், ரிப்பேர் செய்யாத பிஎஸ்டி, லேப்டாப் ப்ரொஃபைல் நகல், மூன்றையும் வெளி டிஸ்க்கில் தனி ஃபோல்டரில் போட்டு இன்றைக்கே ஹாஷ் எடுத்து ஒரு தாளிலும் எழுதி ஃபைலில் வையுங்கள்.

செல்வி_கரூர்

முடிந்தது! சென்ட் இரண்டும் சேர்ந்துவிட்டது. இன்பாக்ஸில் ஆட்-ஆன் ஒதுக்கியதைப் புரட்டிப் பார்த்தேன், எல்லாம் ஆபீஸ் பிரதிகள்தான். மதன் அண்ணா சொன்ன துண்டு மெயில்களும் கிடைத்தன, ஒன்று 2014-ல் ஒரு பையருக்கு டெலிவரி தேதி ஒத்துக்கொண்ட மெயிலின் அடிப்பாதி. டெஸ்க்டாப் பக்கம் அட்டாச்மென்ட் இல்லாமல் வந்தவற்றில் பலதுக்கு லேப்டாப் பிரதியில் அட்டாச்மென்ட் இருக்கிறது. ஆனால் ஆபீஸிலிருந்து நாங்கள் அனுப்பியதில் சில இன்வாய்ஸ் பிடிஎஃப்கள் கிடைக்கவில்லை, அவற்றைப் பையர்களிடமே கேட்டிருக்கிறேன், இரண்டு பேர் அனுப்பியும் விட்டார்கள்.

இப்போது ஒரே ஃபோல்டரில் எக்கச்சக்கமாக இருக்கிறது. அப்படியே விடலாமா?

நெல்லை_முத்து

விட வேண்டாம், ஆண்டுவாரியாகப் பிரித்துவிடுங்கள். எம்பாக்ஸில் ஒரு மெயில் மாறினாலும் மொத்தக் கோப்பும் மாறியதாகத்தான் பேக்கப் மென்பொருள் எடுத்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பும் திரும்ப நகலாகும். 2012, 2013 என்று தனியாக இருந்தால் அவை இனி மாறப்போவதில்லை, ஒரு தடவை நகலெடுத்தால் முடிந்தது.

கையால் செய்ய வேண்டாம். அக்கவுண்ட் செட்டிங்ஸில் காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ் போய், ஆர்க்கைவ் எங்கே போக வேண்டும் என்பதில் லோக்கல் ஃபோல்டர்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஆர்க்கைவ் ஆப்ஷனில் ஆண்டுவாரி என்பதையும், இருக்கும் ஃபோல்டர் அமைப்பை அப்படியே வை என்பதையும் டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் வந்ததும் அனுப்பியதும் கலந்துவிடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேர்ந்தெடுத்து ஏ விசையைத் தட்டினால் அது அது அந்தந்த ஆண்டுக்குப் போய்விடும். எல்லாம் முடிந்தபின் காம்பாக்ட் செய்யுங்கள். நகர்த்திய மெயில் பழைய கோப்பிலிருந்து உடனே போகாது, அழிந்தது என்ற குறியோடு உள்ளேயே கிடக்கும், காம்பாக்ட் செய்தால்தான் கோப்பு சிறிதாகும்.

மதன்_தாம்பரம்

இனி வரும் மெயிலுக்கு மூன்று இடத்திலும் ஐமேப் போட்டுவிடுங்கள், புது மெஷின், லேப்டாப், சித்தப்பா போன். இதில் முத்து அண்ணனும் என் பக்கம்தான். அனுப்பியதும் சர்வரிலேயே நிற்கும், சிசி போட வேண்டிய வேலையே இல்லை. உங்கள் 1 ஜிபி போதாது, இடத்தைக் கூட்டிக் கேளுங்கள். லேப்டாப்பில் பழைய பாப் அக்கவுண்டை அப்படியே விட்டுவிட்டால் அது தன் பாட்டுக்குச் சர்வரிலிருந்து அழித்துக்கொண்டே இருக்கும், அதைக் கட்டாயம் நிறுத்துங்கள். வருடம் முடிந்ததும் அந்த வருடத்து மெயிலை லோக்கலுக்கு ஆர்க்கைவ் செய்தால் சர்வரும் நிரம்பாது.

இன்னொன்று, ப்ரொஃபைல் நகலில் சேமித்த பாஸ்வேர்டுகளும் இருக்கும். ப்ரைமரி பாஸ்வேர்ட் வைக்காவிட்டால் அந்த ஃபோல்டர் கையில் கிடைத்தவர் எவரும் திறக்கலாம். வெளி டிஸ்க்கை பிட்லாக்கரோ வெராகிரிப்டோ போட்டுப் பூட்டுங்கள், மெயில் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

செல்வி_கரூர்

பாஸ்வேர்ட் மாற்றியாயிற்று. பாப் அக்கவுண்ட் நிறுத்தியாயிற்று. இடம் கூட்டிக் கேட்டிருக்கிறோம், திங்கட்கிழமை செய்து தருவதாகச் சொன்னார்கள், அதன்பிறகு போனில் போடுகிறேன். இன்னொரு டிஸ்க் வாங்கி அதிலும் ஒரு பிரதி போட்டு வீட்டு பீரோவில் வைக்கச் சொல்லியிருக்கிறார் சித்தப்பா. ஆண்டுவாரிப் பிரிப்பு 2017 வரை வந்திருக்கிறது.

ரொறன்ரோ_வதனி

நானும் தொடங்கிவிட்டேன். அப்பாவின் இரண்டாவது கணினியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, டிபிஎக்ஸ் என்று முடியும் கோப்புகள். அதை எப்படித் திறப்பது என்று யாராவது சொல்வீர்களா?

நெல்லை_முத்து

அன்டிபிஎக்ஸ் என்று ஒரு சிறிய கருவி இருக்கிறது அக்கா, டிபிஎக்ஸை ஈஎம்எல் கோப்புகளாகப் பிரித்துத் தரும். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு டிபிஎக்ஸ் இருக்கும். எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகலெடுத்துவிட்டு அந்த நகலில் ஓட்டுங்கள். வந்த ஈஎம்எல்களை இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி ஆட்-ஆன் மூலம் தண்டர்பேர்டுக்குள் எடுக்கலாம். பாமினி மெயில் ஒன்றை முதலில் எடுத்துப் பாருங்கள், அரைப்புள்ளியும் எழுத்துருக் குறிப்பும் அப்படியே இருந்தால் மீதியைச் செய்யலாம். ஏதாவது மாறியிருந்தால் அதோடு நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள்.